நீர் நிறைந்த மீன்தொட்டியில் மணல் பரப்புதல்: தோற்ற முயற்சியும் தேறிய முயற்சியும்

மூன்று ஆண்டுகளாகத் தடையின்றி இயங்கிவந்த ஒரு நன்னீர் மீன்தொட்டியில், நீரையும் மீன்களையும் உள்ளேயே வைத்துக்கொண்டு, சரளையின் மேல் மணல் பரப்ப முயன்று நான் தோற்றேன். ஏழு வாரம் கழித்து அதே தொட்டியில் வேறு முறையில் அந்த வேலையைச் செய்து முடித்தேன். இரண்டையும் இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். முதல் முயற்சியின்போது என் கவலை முழுவதும் நீர் கலங்கிவிடுமே என்பதாகத்தான் இருந்தது. நீர் கலங்கத்தான் செய்தது. மூன்று நாளில் தெளிந்தும் விட்டது. மீன்களுக்கு உண்மையான ஆபத்து அதன் பிறகே தொடங்கியது. அடியில் கிடந்த சரளையை வெறும் கல் என்று எண்ணி, அது மூன்றாண்டுக் காலமாகத் தொட்டியைக் காத்துவந்த ஓர் உயிர்ப்படுகை என்பதை மறந்து மணலைக் கொட்டியதே அதற்குக் காரணம்.

தொட்டியும் அதில் இருந்தவையும்

தொட்டி 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்டது. வழக்கமாக 40 செ.மீ. உயரம் வரை நீர் நிற்கும். சரளையும் மரக்கட்டைகளும் அடைத்துக்கொண்ட இடம் போக ஏறத்தாழ 150 லிட்டர் இருக்கும். அடியில் 5 முதல் 8 மி.மீ. பருமனுள்ள சரளை 3 செ.மீ. கனத்தில் கிடந்தது. வெளியே வைக்கும் கேனிஸ்டர் வடிகட்டி ஒன்று, ஹீட்டர் ஒன்று, அனூபியாஸ் என்னும் நீர்ச்செடி கட்டிய இரண்டு மரக்கட்டைகள், நான்கைந்து கிரிப்டோகோரைன் செடிகள் ஆகியவையும் இருந்தன. மீன்களில் பதினான்கு நியான் டெட்ரா, அடியில் மேயும் மீசையுள்ள சிறு கெளுத்திகளான ஆறு கொரிடோராஸ், பாம்புபோல் மெலிந்து நீண்ட ஐந்து குஹ்லி லோச். நீரின் பி.எச். (அமில-கார அளவு) 7.6; வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸ்.

மணலுக்கு மாற வேண்டும் என்ற எண்ணம் கொரிடோராஸ் மீன்களைப் பார்த்துத்தான் எழுந்தது. இவை மணலை வாயில் அள்ளி, உணவுத் துணுக்கைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மிச்ச மணலைச் செவுள் வழியே உதிர்த்துவிடும் பழக்கமுடையவை. சரளைக்கல் அவற்றின் வாய்க்குள் நுழையாது. மீசைகள் குட்டையாகத் தேய்ந்திருந்ததற்குக் கல்லின் முனைகள் காரணமா, கற்களுக்கிடையே அழுகிய உணவில் வளர்ந்த கிருமிகள் காரணமா என்பதில் மீன் வளர்ப்போரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், போடும் உணவில் பாதி கற்களின் இடுக்கில் விழுந்து எந்த மீனுக்கும் எட்டாமல் கெட்டுக்கொண்டிருந்தது என்பது உறுதி. குழாயைச் சரளையில் ஊன்றி உறிஞ்சும்போதெல்லாம் காப்பித் தூள் போன்ற கசடு புகையாக எழும்.

முதல் முயற்சி

10 கிலோ மணலை ஒரு வாளியில் போட்டு நான்கு முறை அலசினேன். நான்காம் முறையும் வடித்த நீர் கலங்கலாகவே இருந்தது; மிச்சத்தை வடிகட்டி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். வடிகட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேலிருந்து ஒரு குவளையால் மணலைத் தூவினேன். குவளையில் மேலாக இருந்த மணல் ஓரளவு காய்ந்திருந்ததால், மணிகளைச் சுற்றிக் காற்று ஒட்டிக்கொண்டு நீர்ப்பரப்பில் ஆடைபோல மிதந்தது. மீதி மணல் 40 செ.மீ. ஆழம் விழுந்தபோது, அதில் ஒட்டியிருந்த தூசு முழுவதும் வழியெங்கும் கழன்று நீரில் பரவியது. மூன்றாவது குவளைக்குப் பின் தொட்டியின் பின்கண்ணாடி தெரியவில்லை. பத்து நிமிடத்தில் மீன்களும் கண்ணுக்கு மறைந்தன. வடிகட்டியிலிருந்து, பல்லிடையே கல் கடிபட்டதுபோன்ற ஓர் அரைபடும் ஒலி கேட்டது. நீரை உந்தும் இம்பெல்லருக்குள் மணல் புகுந்துவிட்டது. பதறிப்போய் மின்சாரத்தை நிறுத்தி, காலையில் பார்க்கலாம் என்று படுக்கச் சென்றேன். அந்த இரவின் பெரிய தவறு அதுதான் என்று பின்னர்தான் புரிந்தது.

கலங்கல் மூன்று நாள் நீடித்ததற்கான காரணம் எளிது. நீரில் விழும் நுண்துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். அரை மில்லிமீட்டர் மணல்மணி 40 செ.மீ. ஆழத்தைச் சில நொடிகளில் கடந்துவிடும். 0.01 மி.மீ. வண்டல் துகளுக்கு, அசையாத நீரிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அதிலும் ஐந்தில் ஒரு பங்கே உள்ள களிமண் துகளுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்கும் நுண்ணியவை நாள்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். மீன்கள் நீந்தும் தொட்டியில் நீர் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை என்பதால், இந்தக் கணக்கைவிடக் கூடுதலாகவே காத்திருக்க வேண்டும். ஆகவே, கழுவும்போது வாளியில் போகாத தூசு தொட்டிக்குள் தானாகப் படிந்துவிடும் என்று நம்புவது வீண்.

மணல் எங்கே போனது என்பதும் கணக்குப் பார்த்தால் விளங்கும். பத்தாம் நாள் பார்க்கையில் சரளையே மேலே தெரிந்தது. மணல் ஆங்காங்கே திட்டுத்திட்டாக மட்டும் கிடந்தது. 3 செ.மீ. கனச் சரளைப் படுகையின் கொள்ளளவு ஏறத்தாழ 12 லிட்டர். அதில் பத்தில் நான்கு பங்கு, அதாவது 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவான பகுதி, கற்களுக்கிடையேயான வெற்றிடம். 10 கிலோ மணலின் பருமன் ஆறரை லிட்டர். இடுக்குகளே ஐந்து லிட்டரை விழுங்கிய பின் மேலே எஞ்சுவது 4 மி.மீ.க்கும் குறைவான ஒரு பூச்சுதான். அதையும் மீன்கள் கிளறக் கிளற, சிறு மணிகள் கீழே இறங்கிப் பெரிய கற்கள் மேலே வந்தன. பெரியதும் சிறியதுமான துகள்களை ஒன்றாகப் போட்டு ஆட்டினால் எப்போதும் நடப்பதுதான் இது. சரளையின் மேல் இன்னும் மணல் கொட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. சில காலம் அழகாக இருக்கும் என்பதற்கு மேல் அதை நான் ஏற்கவில்லை.

மூன்றாம் நாள் நீர் தெளிந்தபோது டெட்ராக்கள் நீர்ப்பரப்பை ஒட்டி வாயசைத்துக்கொண்டிருந்தன. சோதனைக் கரைசலில் அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டியது. இந்தத் தொட்டியில் இரண்டரை ஆண்டுகளாகச் சுழியத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. அம்மோனியாவில் நச்சாக இருப்பது அயனியாகாத பகுதிதான். பி.எச். 7.6, வெப்பநிலை 26 டிகிரி என்ற நிலையில் அது நூற்றுக்கு இரண்டு பங்கைச் சற்றே தாண்டும், பி.எச். 8.2 ஆக இருந்திருந்தால் அதே 0.5 மில்லிகிராமில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு நச்சாக மாறியிருக்கும். மீன்கள் பிழைத்ததற்கு என் திறமையைவிட நீரின் பி.எச். அளவே காரணம்.

அம்மோனியா ஏறியதற்கு மூன்று காரணங்களைக் காண்கிறேன். முதலாவது, பத்து மணி நேரம் நிறுத்திவைத்த மூடிய கேனிஸ்டர். மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் இன்றியமையாதது. நீரோட்டம் நின்றதும் உள்ளே அடைபட்ட நீரின் ஆக்சிஜன் தீர்ந்து, அவற்றில் ஒரு பகுதி செயலிழந்திருக்கும். இரண்டாவது, இதே பாக்டீரியாக்கள் சரளையின் மேற்பரப்பிலும் படலமாக வாழ்ந்தன. இடுக்குகளை மணல் அடைத்ததும் அங்கே நீர் போய்வருவது நின்றுபோனது. மூன்றாவது, கற்களுக்கிடையே இருந்த கசடு அகற்றப்படாமல் மணலுக்கடியில் புதைந்து அழுகியது. இவற்றில் எது எவ்வளவு பங்கு வகித்தது என்பதைப் பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. மேலும் ஐந்து குஹ்லி லோச்சுகளில் நான்குதான் எண்ணிக்கைக்கு வந்தன. இவை பகலில் கற்களுக்கடியில் நுழைந்து கிடக்கும் மீன்கள். மணல் கொட்டுமுன் அவை எங்கே இருந்தன என்று நான் பார்க்கவே இல்லை.

பரிகாரமாக, உணவை இரண்டு நாளைக்கு ஒருமுறை எனக் குறைத்து, ஐந்து நாள்கள் தொடர்ந்து நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு நீரைக் குளோரின் நீக்கி மாற்றினேன். இம்பெல்லரைக் கழற்றிக் கழுவி வடிகட்டியை மணல் கொட்டிய மறுநாள் காலையிலேயே மீண்டும் ஓடவிட்டிருந்தேன். ஆறாம் நாள் அம்மோனியா 0.25 ஆக இறங்கியது, நைட்ரைட் தலைகாட்டியது. பதினான்காம் நாள் இரண்டும் சுழியத்துக்கு வந்தன.

சரளையை அகற்றுதல்

இரண்டாம் முயற்சியில் மணலைவிடச் சரளைக்கே அதிக நாள் ஒதுக்கினேன். மூன்றாம் வார இறுதியில் தொடங்கி, பத்து நாள் இடைவெளியில், படுகையில் மூன்றில் ஒரு பங்காக அகற்றினேன். கையாலோ வலைக்கரண்டியாலோ அள்ளினால் அடியிலுள்ள கசடு தொட்டி முழுவதும் எழும். அதனால் 25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயை வைத்துச் சரளையையே நீரோடு உறிஞ்சி வெளியேற்றினேன். குழாயின் வாயைக் கற்களின் மேல் வைத்ததும் கற்கள் கடகடவென்ற ஓசையுடன் ஏறி வாளியில் விழுந்தன. அவற்றுடன் முதல் முயற்சியின் மணலும் கருத்த கசடும் சேர்ந்தே வந்ததால், எதுவும் தொட்டிநீரில் கலக்கவில்லை. வாரந்தோறும் மாற்றும் 45 லிட்டர் நீர் வெளியேறுவதற்குள் அந்த முறைக்குரிய பங்கு முழுவதும் வந்துவிட்டது. குழாய் கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் கற்கள் சிக்கிக்கொள்ளும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

கடைசிப் பங்கிலிருந்து இரண்டு கைப்பிடிச் சரளையை ஒரு வலைப்பையில் கட்டி, வடிகட்டியின் நீர் விழும் மூலையில் தொங்கவிட்டேன். பழைய பாக்டீரியாக்களில் கொஞ்சமாவது தொட்டியில் தங்கட்டும் என்பதே நோக்கம். ஒவ்வொரு பங்கை அகற்றிய பின்னும் மூன்று நாள் அம்மோனியா பார்த்தேன், சுழியம்தான். அன்றைய இரவில் காணாமற்போன லோச்சின் எலும்புத் துணுக்குகூடக் கற்களிடையே கிடைக்கவில்லை.

மணலைத் தேர்ந்ததும் கழுவியதும்

0.4 முதல் 0.8 மி.மீ. வரையுள்ள, முனை மழுங்கிய குவார்ட்ஸ் மணலைத் தேர்ந்தேன். கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த மணல் கெட்டித்துப்போய் நீரை உள்ளே விடாது. வடிகட்டிக்கும் எளிதில் போய்ச் சேரும். ஒரு கரண்டி மணலில் வினிகர் சொட்டுகளை விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. நுரைத்திருந்தால் அதில் சிப்பித்தூளோ பவளத்தூளோ கலந்திருக்கிறது என்று பொருள். அது கரையக் கரைய நீரின் கடினத்தன்மையும் பி.எச். அளவும் ஏறும், டெட்ராக்களுக்கு அது ஒத்துவராது.

அளவும் முன்கூட்டியே கணக்கிட்டதுதான். 90க்கு 45 என்ற பரப்பில் 4 செ.மீ. கனத்துக்கு 16 லிட்டர் மணல் வேண்டும்; உலர்ந்த மணல் லிட்டருக்கு ஒன்றரை கிலோவைச் சற்று மீறும் என்பதால் அது 25 கிலோ ஆகிறது. அந்த எடை முழுவதும் தொட்டியைத் தாங்கும் மேடையின் மேல் கூடிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மணல்மணிகள் ஏறத்தாழ ஒன்பதரை லிட்டர் நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், நீர்மட்டம் பழையபடியே இருக்கும்போது கூடுவது 15 கிலோ அளவுதான். அகற்றிய சரளையின் எடையைக் கழித்தால் இன்னும் குறையும்.

கழுவுவதில்தான் ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று. ஒரு தடவைக்கு மூன்று கிலோவுக்கு மேல் எடுக்கவில்லை. நீர்க்குழாயின் முனையை வாளியின் அடிவரை செருகி, நீர் கீழிருந்து மேலே பொங்கி வழியுமாறு விட்டு, மறுகையால் மணலை அடியோடு புரட்டிக்கொண்டே இருந்தால், தூசு மட்டும் விளிம்பைத் தாண்டிப் போகும், மணல் தங்கும். முதலில் பால்போல வழிந்த நீர், பிறகு அரிசி களைந்த நீர்போல் ஆகி, பன்னிரண்டு பதினைந்து நிமிடத்தில் தெளிந்தது. எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். கழுவிய மணலில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் நீருடன் போட்டுக் குலுக்கி, ஒரு நிமிடம் கழித்துப் பாட்டிலின் பின்னால் பிடித்த அச்செழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். எழுத்து மங்கினால் அந்த மூன்று கிலோ மீண்டும் வாளிக்குப் போகும். இரண்டு முறை அப்படிப் போயிற்று. இறுதி அலசலுக்குக் குளோரின் நீக்கிய நீரைப் பயன்படுத்தினேன்.

மணல் இறக்கிய நாள்

முதலில் ஹீட்டரை நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டேன். சூடாக இருக்கும்போது நீர்மட்டம் இறங்கி ஹீட்டரின் கண்ணாடி வெளியே தெரிந்தால் அது வெடித்துவிடக்கூடும். பிறகு வடிகட்டியை நிறுத்தி, அதன் ஊடகத்தை, அதாவது பாக்டீரியாக்கள் ஒட்டி வாழும் உள்நிரப்பை, தொட்டிநீர் நிரப்பிய வாளிக்கு மாற்றி, காற்றுக்குமிழ் விடும் காற்றுக்கல் ஒன்றைப் போட்டு ஓடவிட்டேன். முன்பு ஓர் இரவு முழுவதும் மூச்சடைத்த பாக்டீரியாக்கள் இம்முறை ஒரு நிமிடம்கூட அப்படி இருக்கவில்லை. தொட்டிநீரில் பாதியைச் சுத்தமான டப்பாக்களில் சேமித்தேன். கை அடிவரை எட்டவும், ஈர மணல் இறங்குவதால் ஏறும் 4 செ.மீ. நீர்மட்டத்துக்கு இடம் கிடைக்கவும் இது தேவைப்பட்டது.

மீன்களை வெளியே எடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. வலையில் துரத்திப் பிடிப்பதும் அவற்றுக்கு வதைதான். மணல் நன்றாகக் கழுவப்பட்டிருந்தால் நடுநீரில் வாழும் டெட்ராக்களை உள்ளேயே விட்டுவிடலாம். அடியில் ஒளியும் மீன்களின் கதை வேறு. சரளை இல்லாத வெற்றுக் கண்ணாடியில் அவற்றைப் பிடிப்பது எளிதாக இருந்ததால், ஆறு கொரிடோராஸையும் நான்கு லோச்சையும் எண்ணி எடுத்து, தொட்டிநீர் நிரப்பிய மூடிய டப்பாவில் காற்றோட்டத்துடன் வைத்தேன். மூடி அவசியம், ஏனெனில் லோச் நன்றாகத் துள்ளும்.

50 மி.மீ. பிளாஸ்டிக் குழாயை அடிவரை நிறுத்தி, அதன் வழியே மணலை இறக்கலாம் என்பதுதான் என் திட்டம். ஈர மணல் குழாயின் நடுவில் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. நீர் ஊற்றித் தள்ளினால், அடைப்பு விட்டதும் மொத்தமாகப் பாய்ந்து அடியில் குழி பறித்தது. மூன்று முறை பார்த்துவிட்டுக் குழாயைத் தூக்கி வைத்தேன். அதற்குப் பதில், ஒரு லிட்டர் குவளையில் மணலை நிரப்பி, மேலே நீர் விட்டுக் காற்றைப் போக்கி, வாயை ஒரு சிறு தட்டால் மூடி, அடிக்கண்ணாடியைத் தொடும்வரை இறக்கி, அங்கே தட்டை விலக்கி மெதுவாகச் சாய்த்தேன். மணல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு பரவியது. ஒரு சாண் உயரத்துக்குமேல் கலங்கல் எழவில்லை. ஏறத்தாழ இருபது முறை அப்படிச் செய்ததில் முழு மணலும் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டது.

மரக்கட்டைகளை மணலில் வைக்காமல், மணல் போடுமுன்பே அடிக்கண்ணாடியில் நேராக நிறுத்தியிருந்தேன். மணலின் மேல் வைத்தால் அடியைத் தோண்டும் மீன்கள் அவற்றைச் சாய்த்துவிடும். அனூபியாஸின் தண்டு மணலில் புதையாதபடி பார்த்துக்கொண்டேன், புதைந்தால் அழுகும். நீரைத் திரும்ப நிரப்பும்போது, மணலின் மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெல்லிய தாரையாக விட்டேன். வடிகட்டியை ஒரு மணி நேரம் கழித்தே இயக்கினேன். அதற்குள் மிதந்த மணிகள் இறங்கிவிடும். உறிஞ்சு குழாயின் வாயை மணலிலிருந்து 8 செ.மீ. உயர்த்தி, அதில் ஒரு நுரைப்பஞ்சும் மாட்டினேன். மறுநாள் காலையில் நீர் தெளிந்திருந்தது. இலைகளின் மேல் மட்டும் மெல்லிய வெண்தூசு. விரலால் தட்டியதும் போயிற்று. வடிகட்டியின் நுண்பஞ்சை முதல் நாளும் மூன்றாம் நாளும் மாற்றினேன். இரண்டு வாரமும் அம்மோனியா சுழியம். ஐந்தாம் நாள் ஒரு முறை மட்டும் நைட்ரைட் நிறம் சற்றே மாறியது. மூன்று வாரத்துக்குப் பின் வலைப்பைச் சரளையையும் எடுத்துவிட்டேன். கிரிப்டோகோரைன்கள் வேர் அலைந்ததால் வழக்கம்போல் இலைகளை உதிர்த்து, ஒரு மாதத்தில் புதிதாகத் துளிர்த்தன.

பின்னர் கண்டவை

கொரிடோராஸ் முதல் மாலையே மணலில் கண்வரை முகத்தைப் புதைத்துக்கொண்டு மேய்ந்தன. செவுளின் இருபுறமும் மணல் இரண்டு நூலாக ஒழுகியதைக் கண்ணாடிக்கு அருகே முகம் வைத்துப் பார்த்தேன். லோச்சுகள் தலை மட்டும் தெரியப் புதைந்து கிடக்கின்றன. கழிவு இப்போது மணலின் மேலேயே கிடப்பதால், தொட்டி முன்பைவிட அழுக்காக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அழுக்கின் அளவு கூடவில்லை. ஒளிந்திருந்தது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். குழாயை மணலுக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்தால் கழிவு மட்டும் ஏறிவிடும். மூன்றாம் வாரம் மணலின் மேல் பழுப்புநிறப் படலம் ஒன்று படிந்தது. டயட்டம் என்னும் நுண்பாசி அது. கிளறிவிட்டு வந்ததில் ஒன்றரை மாதத்தில் மறைந்தது.

ஆழ்மணலில் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவளி உண்டாகும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஐந்தாம் மாதம் பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி இரண்டு கருந்திட்டுகளை நானும் கண்டேன். 4 செ.மீ. மணலில், சிறிது சிறிதாக வெளிவரும் அவ்வளி, ஆக்சிஜன் உள்ள நீரை எட்டியதும் சிதைந்துவிடும் என்பதால் நான் பெரிதாக அஞ்சவில்லை. ஆனால் நீண்டநாள் தொடாத படுகையை ஒரே நாளில் முழுவதும் புரட்டக் கூடாது. அப்போது அழுகிய முட்டை நாற்றம் எழுந்தால் உடனே நீர் மாற்ற வேண்டும். நான் வாரத்துக்கு ஒரு மூலை என்ற கணக்கில் ஒரு குச்சியால் குத்திக் கிளறுகிறேன். மணலுக்குள் ஊர்ந்து திரியும் மலேசிய டிரம்பெட் நத்தைகள் மற்ற நாள்களில் அதே வேலையைச் செய்கின்றன; அவை பெருகும் வேகத்தைப் பார்த்தால் மீன்களுக்கு நான் தரும் உணவு இன்னும் அதிகம்தான் என்று தெரிகிறது.

எட்டாம் மாதத்திலும் பழைய சரளை முற்றிலும் தீர்ந்தபாடில்லை. உறிஞ்சும் குழாய்க்குத் தப்பிய கற்கள், கொரிடோராஸ் கிளறக் கிளற, மணலுக்குள்ளிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்றாக மேலே வருகின்றன. நீர் மாற்றும்போது அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.